டோக்கியோவின் கதைப்புத்தக உணவகத்தில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: முன்பதிவு முதல் பில் வரை

டோக்கியோவில் குழந்தைக் கதை ஒன்றுக்குள் நடந்து போவதைப் போலவே அமைக்கப்பட்ட உணவகங்கள் இருக்கின்றன. ஆள் உயரப் புத்தகப் பக்கங்களே சுவர்களாக நிற்கும். தேநீர்க் கோப்பை வடிவில் இருக்கைகள் இருக்கும். பரிமாறுகிறவர்கள் கதையில் வரும் சிறுமியைப் போல உடுத்தியிருப்பார்கள். எங்கள் மகளின் ஏழாவது பிறந்தநாளை அப்படியொரு இடத்தில் கொண்டாட வேண்டும் என்று நானும் என் கணவரும் மாமியாரும் அவளை அழைத்துக்கொண்டு சென்றோம். முன்பதிவுப் படிவத்தோடு மூன்று இரவுகள் போராடினோம்; போன அன்றும் வழி தவறி, சைவ உணவுக்காக நெடுநேரம் விசாரித்து, இரண்டு மணி நேரப் பதிவில் ஐம்பது நிமிடத்தை வீணாக்கினோம். இத்தகைய இடங்களில் பெரும்பாலும் ஒரு மேசைக்கு இரண்டு மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மணி நேரத்துக்கான விலை. அது கையைவிட்டுப் போகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, எங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நாங்கள் ஏங்கிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எந்த உணவகம், எந்தக் கிளை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

இவ்வகையில் அதிகம் பேசப்படுபவை, ஆலிஸ் என்ற சிறுமி விந்தை உலகத்துக்குள் போகும் ஆங்கிலக் குழந்தைக் கதையை ஒட்டி அமைந்த உணவகங்கள். ஒரே குழுமம் டோக்கியோவின் பல பகுதிகளில் இவற்றை வெவ்வேறு பெயர்களில் திறந்தது. கின்சாவில் உள்ளதன் பெயருக்குப் புதிர்வழி நாட்டின் ஆலிஸ் என்று பொருள். ஷிஞ்சுகுவில் மந்திர நாட்டின் ஆலிஸ், படக்கதை நாட்டின் ஆலிஸ் என்ற பெயர்களில் திறந்தார்கள். ஜப்பானிய மொழியில் எல்லாப் பெயர்களும் ‘நொ குனி நொ ஆரிஸு’ என்றே முடியும். வரைபடச் செயலியில் ஆங்கிலத்தில் தேடினால் எல்லாம் ஒன்று போலவே தோன்றும் என்பதால், கின்சாவில் பதிவு செய்துவிட்டு ஷிஞ்சுகுவில் போய் நிற்கும் வாய்ப்பு அதிகம். பெயரை விட்டுவிட்டுப் பகுதி, கட்டடம், மாடி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கருப்பொருள் உணவகங்கள் திறப்பதும் மூடுவதும் அங்கே சகஜம். ஹராஜுகுவில் இருந்த கவாயி மான்ஸ்டர் கஃபே 2021 ஜனவரி மாத இறுதியில் மூடப்பட்டது; ஆனாலும் பழைய பயணப் பட்டியல்களில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த கிளை இயங்குகிறதா என்பதை, அதன் சொந்த இணையதளத்தில் அடுத்த மாதத்துக்குப் பதிவு திறந்திருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள். இதற்குப் பயணக் குறிப்புகள் உதவாது.

தனி உணவகம் வேண்டாம், பூங்காவோடு சேர்ந்திருந்தால் போதும் என்பவர்களுக்கு டோக்கியோ டிஸ்னிலேண்டின் உள்ளே, அதே ஆலிஸ் கதையில் வரும் இதய ராணியின் பெயரில் ஒரு விருந்து மண்டபம் இருக்கிறது. அங்கே மேசைக்கு முன்பதிவு தேவையில்லை. வரிசையில் நின்று தட்டில் வாங்கிக்கொள்ளும் முறைதான். ஆனால் பூங்கா நுழைவுச்சீட்டு இல்லாமல் அந்த மண்டபத்துக்குள் போக முடியாது. பெரியவர்களுக்கான ஒருநாள் சீட்டு நாளைப் பொறுத்து 7,900 யென்னில் தொடங்கி 10,900 யென் வரை போகும். டோக்கியோவின் மேற்கே மிடாகாவில், கிப்லி என்ற அனிமேஷன் பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ள சிற்றுண்டிச் சாலையும் இப்படித்தான்; அருங்காட்சியகச் சீட்டு இருந்தால்தான் சாப்பிடலாம். சீட்டு வாசலில் விற்கப்படுவதில்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்குகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 6.30, தேதி மாறாது, ஆனால் தூக்கம் கலைந்து எழுந்தாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 1,000 யென் மட்டுமே. சீட்டில் வாங்கியவரின் பெயர் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், பெயருக்குரியவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் நடக்கும் கதாபாத்திரக் கஃபேக்கள் தனி வகை. அவற்றில் பல ‘சூசென்’ எனப்படும் குலுக்கல் முறையில்தான் இடம் கொடுக்கின்றன. பயணத் தேதி உறுதியாகாமல் அவற்றில் கை வைக்க வேண்டாம்.

2. முன்பதிவுப் படிவம்: பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம்

சாதாரண வார நாள் என்றால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் பதிவு செய்தால் போதும் என்பது என் கணிப்பு. ஹாலோவீன் வரும் அக்டோபர் கடைசி வாரம், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் விடுமுறைகள் அடுத்தடுத்து வரும் பொன் வாரம் ஆகியவற்றுக்கு, பதிவு திறக்கும் நாளிலேயே முயல வேண்டும். டிசம்பர் முழுவதும் அலுவலகக் குழுக்கள் ஆண்டிறுதி விருந்துக்காக நகரத்து மேசைகளைப் பிடித்துக்கொள்கின்றன. இத்தகைய உணவகங்களில் பல வார நாட்களில் மாலையில்தான் திறக்கின்றன. மதிய உணவு வேண்டுமானால் சனி, ஞாயிறு அல்லது விடுமுறை நாளாகப் பாருங்கள்.

படிவத்தில் முதலில் சிக்கல் தருவது பெயர். ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு, இரண்டும் கட்டாயம். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தந்தையின் பெயர் நீளமாக விரித்து எழுதப்பட்டிருக்கும். உணவகம் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை; ஆகவே ஒரு கட்டத்தில் உங்கள் பெயரையும் மற்றதில் தந்தை அல்லது கணவர் பெயரையும் சுருக்கமாக எழுதுங்கள். வாசலில் எந்தப் பெயரைச் சொல்வீர்களோ அதுவே குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் பட்டியலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். அதன் கீழே அதே பெயரின் உச்சரிப்பைக் கதகானா என்னும் ஜப்பானிய ஒலி எழுத்தில் கேட்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் கிடைப்பதை ஒட்டும்போது, எழுத்து முழு அகலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியத் தட்டச்சில் ஒரே எழுத்துக்கு அரை அகலம், முழு அகலம் என்று இரண்டு வடிவம் உண்டு. அரை அகலத்தை ஏற்காத படிவங்கள் ‘உள்ளீடு தவறு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும். எங்களுக்கு ஓர் இரவு முழுவதும் இதிலேயே போனது.

அடுத்தது தொலைபேசி எண். பல படிவங்கள் ஜப்பான் எண்ணை மட்டுமே ஏற்கும். பயணிகள் வாங்கும் டேட்டா இ-சிம்களில் பெரும்பாலானவற்றுக்கு அழைப்பு எண்ணே கிடையாது. கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். உறுதி செய்ய அழைக்கும்போது எடுக்க ஆளில்லை என்றால் பதிவு ரத்தாகலாம். இதற்குப் பாதுகாப்பான வழி இரண்டு. ஒன்று, வெளிநாட்டு எண்ணை ஏற்கும் ஆங்கிலப் பதிவுப் பக்கத்தைப் பயன்படுத்துவது. டேபிள்செக் போன்ற தளங்கள் வழியாகப் பதிவு கொடுக்கும் உணவகங்களில் இது எளிது. மற்றது, தங்கவிருக்கும் விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி, தேதி, நேரம், ஆட்கள், குழந்தையின் வயது ஆகியவற்றைத் தந்து பதிவு செய்யச் சொல்வது. பல விடுதிகள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இருக்கைக்கு மட்டும் பதிவா, முழு விருந்துத் தொகுப்புக்குப் பதிவா என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். தொகுப்பு குறைந்தது இரண்டு பேருக்கு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் உணவை மாற்றித் தர மாட்டார்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போகலாம். குழுவில் ஒருவர் சைவம் என்றாலும் இருக்கைக்கு மட்டும் பதிவு செய்வதே நல்லது. ‘நொமிஹோதாய்’ எனப்படும் அளவில்லாப் பானத் திட்டம் விலை குறைவாகத் தோன்றினாலும், மேசையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் அதில் சேர வேண்டும் என்பதே வழக்கமான விதி. மது அருந்தாத குடும்பத்துக்கு அது நட்டம்.

பிறந்தநாள் தட்டு வேண்டுமானால் பதிவின்போதே கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் செய்ய முடியாது என்பார்கள். பெயரை ஆங்கில எழுத்துகளில் தனியே எழுதிக் கொடுங்கள். என் மகள் பெயரில் ழகரம் இருக்கிறது; ஜப்பானிய மொழியில் ழ, ள, ல, ர எல்லாவற்றுக்கும் ஒரே ஒலிதான். கதகானாவில் விட்டிருந்தால் யாழினி ‘யாரினி’ ஆகியிருப்பாள்.

3. சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே கேளுங்கள்

கதைப்புத்தக உணவகங்களில் பெரும்பாலும் பாஸ்தா, பீட்சா, சாலட், இனிப்பு என்று மேற்கத்திய உணவுதான் கிடைக்கும். சைவருக்கு இது வசதி என்று நானும் நினைத்தேன். ஆனால் தக்காளிச் சாற்றில் பன்றி இறைச்சித் துண்டு, சூப்பில் கோழிச் சாறு, சாலட்டின் மேல் மீன் துருவல், கண்ணாடி போல மின்னும் இனிப்பில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் என ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. ‘காய்கறி’ என்று பெயரில் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘பெஜிதேரியன்’ என்று சொன்னால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தரும் இடங்களும் உண்டு. மீன் சாறான ‘தஷி’யைப் பலர் அசைவமாகக் கருதுவதில்லை.

‘நிகு தொ சகனா கா தபெராரெமசென்’ என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது என்று பொருள். இதோடு தஷி, கோழிச் சாறு, ஜெலட்டின் ஆகியவையும் கூடாது, முட்டை கூடுமா கூடாதா என்பதையும் சேர்த்து ஜப்பானிய மொழியில் ஒரு பத்தி தயார் செய்து, அதைப் பதிவுப் படிவத்தின் வேண்டுகோள் கட்டத்தில் ஒட்டுங்கள். அதே பத்தியைத் தாளில் அச்சிட்டுக் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பரிமாறுகிறவர் அந்தத் தாளை அப்படியே சமையலறைக்கு எடுத்துச் செல்ல முடியும். நாங்கள் தாள் இல்லாமல் போனதால், ஒவ்வொரு உணவுக்கும் பரிமாறும் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் மாமியாருக்குச் சீஸ் பீட்சா உறுதியாகும்போது எங்கள் நேரத்தில் இருபது நிமிடம் கரைந்திருந்தது.

வேர்க்கடலை, முட்டை, பால் போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஜப்பானில் ஒவ்வாமைப் பொருட்களைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவுக்கே உரியது. உணவகத் தட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடுமையான ஒவ்வாமை என்றால் பதிவுக்கு முன்பே கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். பதில் வராவிட்டால் அந்த உணவகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

4. செலவைக் கணக்கிடும் முறை

எங்கள் பில்லையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். நான்கு பேருக்கு உணவு 8,400 யென், பானங்கள் 2,900 யென், ஆக 11,300 யென் என்று மனத்தில் கணக்குப் போட்டிருந்தோம். வந்த பில் 14,630 யென். ஆளுக்கு 500 வீதம் இருக்கைக் கட்டணம் 2,000 யென்னும், மொத்தத்தில் 10 விழுக்காடு நுகர்வு வரியாக 1,330 யென்னும் சேர்ந்திருந்தன. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. மெனுவில் பெரிய எழுத்தில் வரிக்கு முந்திய விலையும், அதன் கீழே சிறிய எழுத்தில் வரியோடு கூடிய விலையும் இருந்தன. நான் பெரிய எழுத்தைப் படித்துக் கூட்டியிருந்தேன். வரியோடு சேர்ந்த விலைக்கு ‘ஜெய்கோமி’, சேராததற்கு ‘ஜெய்நுகி’ என்று பெயர்.

இருக்கைக் கட்டணத்தை ‘செகிர்யோ’ என்றோ வெறுமனே ‘சார்ஜ்’ என்றோ எழுதியிருப்பார்கள். சில இடங்களில் அதற்குப் பதிலாக ‘ஒத்தோஷி’ என்று ஒரு சிறு கிண்ணம் உணவு கேட்காமலே வரும். அதற்கும் பணம் உண்டு, அது அசைவமாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பானம் வாங்க வேண்டும் என்ற விதி பரவலாக இருக்கிறது. குழந்தைக்கு இந்த விதி உண்டா, இருக்கைக் கட்டணம் உண்டா என்பதைப் பதிவுப் பக்கத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளில் தேடுங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை ஓடி வந்து திருப்பித் தருவார்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

பதிவு எண்ணுள்ள மின்னஞ்சலை இணையம் இல்லாமலும் திறக்கும்படி படமாகச் சேமியுங்கள். பதிவுக்குக் கடன் அட்டை கொடுத்திருந்தால் அந்த அட்டையைக் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்; குறுகிய காலப் பயணிகள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மது கேட்டால் 20 வயது நிறைந்ததற்குச் சான்றாகவும் அது பயன்படும். அட்டை வேலை செய்யாமல் போகக்கூடும் என்பதால், ஆளுக்கு 5,000 யென்னாவது ரொக்கமாக இருக்கட்டும்.

பெரிய பெட்டிகளையும் குழந்தை வண்டியையும் ரயில் நிலையத்தில் நாணயம் போட்டுப் பூட்டும் பெட்டகத்திலோ விடுதியிலோ விட்டுவிடுங்கள். உள்ளே வழிகள் குறுகல். இருக்கைக்குக் கீழே ஒரு கூடை அளவுக்குத்தான் இடம் கிடைக்கும்.

6. போய்ச் சேரும் வழி: மாடி எண்ணும் தெருத் தரகர்களும்

உணவகம் தனிக் கட்டடமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒல்லியான பல மாடிக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு கடை என்று இருக்கும். வெளியே செங்குத்தான பலகையில் பெயர்கள் அடுக்கடுக்காகத் தொங்கும், கடையின் முகப்பு தெருவிலிருந்து தெரியவே தெரியாது. ஜப்பானில் தரைத்தளமே முதல் மாடி. அங்கே ஐந்தாம் மாடி என்பது நம் கணக்கில் நான்காம் மாடி. நாங்கள் சின்ன லிஃப்டில் தவறான தளத்தில் இறங்கி, இருட்டான ஒரு மதுக்கூடத்தின் வாசலில் குழந்தையோடு நின்றோம்.

ஷிஞ்சுகுவின் கபுகிச்சோ பகுதியில் ‘கியாகுஹிகி’ எனப்படும் தெருத் தரகர்கள், நீங்கள் போகும் கடை நிரம்பிவிட்டது, அதன் கிளைக்கு அழைத்துப் போகிறோம் என்பார்கள். நிற்காமல் நடங்கள். அவர்கள் பின்னால் போக வேண்டாம் என்று அந்தத் தெருக்களில் ஒலிபெருக்கியிலேயே எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலையத்தில் சரியான வெளிவாசலைக் கண்டுபிடிக்கவே பதினைந்து நிமிடம் ஆகிவிடும், ஷிஞ்சுகுவில் இன்னும் கூடுதலாகும். பதிவு நேரத்துக்கு முப்பது நிமிடம் முன்பே அந்தப் பகுதியில் இருங்கள். ஆனால் கடை வாசலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போனால் போதும். நீங்கள் தாமதமாகப் போனாலும் உங்கள் இரண்டு மணி நேரம் பதிவு நேரத்திலிருந்தே கணக்காகும். பத்து, பதினைந்து நிமிடம் தாண்டினால் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

7. அந்த இரண்டு மணி நேரம்

வாசலில் ‘யோயாகு ஷிமாஷிதா’ என்று சொல்லிப் பெயரைக் கூறுங்கள். முன்பதிவு செய்திருக்கிறேன் என்று பொருள். உட்கார்ந்ததும் முதலில் பானம் கேட்பார்கள். அதோடு சேர்த்து முதல் இரண்டு உணவுகளையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அலங்காரம் செய்த தட்டுகள் வர நேரம் பிடிக்கும். மூடுவதற்கு முன்பான ‘கடைசி ஆர்டர்’ போலவே, உங்கள் நேரம் முடிவதற்கு முப்பது நிமிடம் முன்பும் கடைசி ஆர்டர் கேட்பார்கள். அதற்குப் பிறகு எதுவும் வராது.

படம் எடுப்பதற்குத் தாராளமாக விடுவார்கள் என்றாலும், பக்கத்து மேசைக்காரர்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணியாளரைப் படமெடுக்க வேண்டுமானால் ‘ஷாஷின் ஒ தொத்தெமோ ஈ தெஸ் கா’ என்று அனுமதி கேளுங்கள். குழந்தையைக் கூட்டத்தின் நடுவே படம் பிடிக்க அலைய வேண்டாம். நேரம் முடிந்து எழும்போது வழிப்பாதை காலியாக இருந்தால் அப்போது எடுக்கலாம்.

பிறந்தநாள் தட்டு கடைசியில் வரும். எப்போது வேண்டும் என்பதைப் பணியாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், படம் எடுக்கவும் சாப்பிடவும் நேரம் கிடைக்கும். எங்களுக்கு வந்தபோது பதினைந்து நிமிடமே மீதி இருந்தது. வெள்ளைத் தட்டின் ஓரத்தில் உருகிய சாக்லேட்டால் அவள் பெயரை எழுதியிருந்தார்கள். எழுத்துகள் சற்றே சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு ஒரு ஸ்ட்ராபெர்ரியைச் சுற்றி வளைந்திருந்தது. அவள் நெடுநேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சாப்பிட்டாள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் நாங்கள் இழந்த ஐம்பது நிமிடத்தை நினைத்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

8. பில் கட்டி வெளியே வருவது

‘ஒகைகேய் ஒனெகாய்ஷிமாஸ்’ என்றால் பில் கொடுங்கள் என்று பொருள். பல இடங்களில் மேசையில் வைக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். ரொக்கத்தைக் கையில் நீட்டாமல் அங்கே இருக்கும் சிறு தட்டில் வையுங்கள். தனித்தனியாகக் கட்ட விரும்பினால் ‘பெத்சுபெத்சு’ என்று கேட்கலாம். கூட்டமான இரவில் மறுத்துவிடுவார்கள்.

மாலை 7 மணிப் பதிவு என்றால் 9 மணிக்கு வெளியே வந்துவிடுவீர்கள். ரயில் கிடைப்பதில் சிக்கல் இருக்காது. இரவு 9.30க்குத்தான் இடம் கிடைத்தது என்றால், விடுதிக்குப் போகும் கடைசி ரயில் எப்போது என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே பாருங்கள். டோக்கியோ ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், இரவு 10 மணிக்குப் பிறகு டாக்சிக் கட்டணமும் கூடுதல். குழந்தையோடு போகிறவர்கள் மாலை 5 மணிப் பதிவையே எடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்து மேசைகள் பாதி காலியாக இருக்கும், சைவ விசாரணைகளுக்குச் சமையலறையிலிருந்து பதிலும் விரைவாக வரும்.